ஐம்பத்தொரு தட்டு

“டிவியில எதுக்கு அனுசுயா? போன்லயே பார்த்துக்க வேண்டியதுதானே?”

நாத்தனார் செல்வம்மாள் இப்படிச் சொல்வது இது நான்காவது தடவை. அனுசுயாவுக்குச் சுருக்கென்றது.

போன வாரம் ஜெயங்கொண்டத்து மண்டபத்தில் அனுசுயாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. மீன்சுருட்டியிலிருந்து தாய்மாமன் மதுரைவீரன் ஐம்பத்தொரு தட்டுச் சீர் கொண்டுவந்தான். உள்ளே மகளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த அனுசுயா ஊர்வலத்தைப் பார்க்கவில்லை. ஐம்பத்தொன்று என்பது அண்ணன் தன் வாயால் சொன்னது.

ஆனால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா?

“வேன்லேருந்து முப்பத்தொரு தட்டுதான் இறங்குச்சாம். பெரியப்பா வூட்டுல பேசிக்கிறாங்க” என்று கணவன் கலையரசன் காலையில் சொன்னான். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த வீட்டு மானம் ஆயிற்றே!

விசேஷ வீடியோ போனுக்கு வந்திருந்தது. அந்தச் சின்னத் திரையில் தட்டு எது, தலை எது என்று புரியவில்லை. பெரிய டிவியில் போட்டு, புருஷன் முன்னாலும் நாத்தனார் முன்னாலும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். போனையும் டிவியையும் சேர்த்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

“ஸ்க்ரீன் மிரரிங்னு இருக்கும் பாரு, அதை அமுக்கு” என்றான் கலையரசன்.

அமுக்கினாள். போனில் என்னவோ சுற்றியது. ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. டிவி மட்டும் நீல நிறத்தில் மௌனமாக இருந்தது.

“இணைஞ்சிருச்சுங்குது. எங்கங்க இணைஞ்சுது?”

பக்கத்து வீட்டிலிருந்து சிந்துவின் குரல் வந்தது. “அக்கா! எங்க டிவில உங்க வூட்டு விசேஷம் ஓடுது! என்னமோ கேட்டுச்சு, நான் ஓகே குடுத்துட்டேன்!”

“அய்யய்யோ, நிறுத்து சிந்து!” என்று பதறி எழுந்தவள் அனுசுயா இல்லை. செல்வம்மாள்.

அனுசுயா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சீரை ஊர் பார்த்தால் இவருக்கு என்ன வந்தது?

மறுபடி முயற்சி. இப்போது ரிமோட்டைக் காணோம். வீடு முழுக்கத் தேடினார்கள். செல்வம்மாள் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில் கிடந்தது.

“இங்கயா இருந்துச்சு? நான் பாக்கவே இல்லம்மா. மழ வர்ற மாதிரி இருக்கு, இப்பப் போய் டிவிய போடணுமா?”

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அனுசுயாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரியப்பா வீட்டில் பற்றவைத்த ஆள் யார் என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

“மடியில கனம் இருக்கறவங்கதான் பயப்படணும் அண்ணி. எங்கண்ணன் ஒண்ணும் பொய் சொல்ற ஆளு இல்ல.”

செல்வம்மாள் மெத்தையை நீவிச் சரிசெய்தாள்.

ஒருவழியாக டிவியில் படம் வந்தது. மேளம் முழங்க, சீர்வரிசை சுவரை அடைத்துக்கொண்டு நடந்தது. கலையரசன் எண்ணினான். நாற்பத்தொன்பது. அனுசுயா எண்ணினாள். ஐம்பத்துமூன்று. நடுவில் பிள்ளைகள் குறுக்கே ஓடியதில் இருவருக்குமே குழப்பம்.

“நிறுத்தி நிறுத்தி எண்ணு. பெரியப்பாதான் போன் பண்றாரு, பேசிட்டு வந்துடறேன்” என்று கலையரசன் வாசலுக்குப் போனான்.

அனுசுயா விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். சரியாக ஐம்பத்தொன்று.

“பாத்தீங்களா அண்ணி? இப்ப என்ன சொல்றீங்க?”

“நான் எப்பம்மா இல்லன்னு சொன்னேன்? அதான் எண்ணியாச்சே, அணைச்சுடு.”

“அவ்வளவு சீக்கிரமாவா? எங்கண்ணன் என்னென்ன வச்சிருக்குன்னு ஒவ்வொண்ணா காட்டறேன், நல்லா பாருங்க.”

வீம்புக்கு மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். வீடியோக்காரர் தட்டுகளுக்கு மிகக் கிட்டே போய் எடுத்திருந்தார். ஆப்பிள், மாதுளை, பட்டுப்பாவாடை, முந்திரி. முப்பத்திரண்டாவது தட்டில் நிறுத்தினாள். எவர்சில்வர் தாம்பாளத்தின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. போனில் அது வெறும் கீறலாகத்தான் தெரிந்திருக்கும்.

‘ரா. செல்வம்மாள், உடையார்பாளையம்.’

அடுத்த தட்டிலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும்.

அனுசுயாவுக்குத் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“அண்ணி...”

“மண்டபத்துக்குப் பின்னால தனியா நின்னுட்டிருந்துச்சு உங்கண்ணன். இந்த வருசம் தோப்புல முந்திரி பூவோட கருகிப்போச்சாம், முப்பத்தொண்ணுக்கு மேல முடியலையாம். தங்கச்சிக்குத் தெரிய வேணாம்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு” என்றாள் செல்வம்மாள் மெதுவாக. ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள்.

கலையரசன் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தான். “பெரியப்பா லைன்ல இருக்காரு. சொல்லு, எத்தனை தட்டு?”

அனுசுயா அண்ணியைப் பார்த்தாள்.

செல்வம்மாள் முந்திக்கொண்டு, வாசல் வரை கேட்கிற மாதிரி சொன்னாள்:

“அம்பத்தொண்ணு! அத்தனையும் மதுரைவீரன் கொண்டாந்ததுதான். நானே என் கண்ணால பாத்தேன்னு சொல்லு!”