ஸ்க்ரப்பும் செராமைடு க்ரீமும்

நிறைமதியின் குளியலறை அலமாரியில் ஒரு ஸ்க்ரப் டியூப் ராணி மாதிரி வாழ்ந்தது. அந்தக் குருணைப் பசையை அவள் தினமும் முகத்தில் தேய்ப்பாள். முகம் பளபளக்கும், பிறகு எரியும். எரிச்சல் தாங்காமல் தோல் டாக்டரிடம் போனாள். அவர் ஸ்க்ரப்பை நிறுத்தச் சொல்லி, ஒரு செராமைடு க்ரீமை எழுதிக் கொடுத்தார்.

"நீ எதற்கு வந்தாய்?" என்று அலமாரியில் பக்கத்தில் வந்து அமர்ந்த க்ரீமிடம் கேட்டது ஸ்க்ரப்.

"தோல் செல்களுக்கு நடுவில் இருக்கிற கொழுப்பை நீ தேய்த்தே எடுத்துவிட்டாய். அந்த இடுக்கு வழியாக ஈரம் வெளியே போகிறது, தூசி உள்ளே வருகிறது. அதை அடைக்க வந்தேன்" என்றது க்ரீம்.

"அடைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?"

நிறைமதி தினமும் க்ரீமைத் தடவினாள். சில வாரங்களில் சிவப்பு மறைந்தது, எரிச்சல் நின்றது. வலி போனதும் நிறைமதி க்ரீமை மறந்துபோனாள்.

தோழியின் கல்யாணம் வந்தது. ஸ்க்ரப்பை எடுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனாள்.

"என்னடி போட்டே, முகம் இப்படி மின்னுது?" என்று மண்டபத்தில் எல்லோரும் கேட்டார்கள். அவள் பெருமையாக ஸ்க்ரப்பின் பெயரைச் சொன்னாள்.

மறுநாள் கன்னம் சிவந்து உரிந்திருந்தது. பதறிப்போய் க்ரீமைத் தடவினாள். புண்ணில் பட்டதும் சுரீரென்றது.

"எல்லாம் இந்தச் சனியனாலதான்!" என்று க்ரீமைக் குப்பைக் கூடையில் எறிந்தாள்.

"நீயாவது அவளிடம் உண்மையைச் சொல்லேன்" என்று கெஞ்சியது க்ரீம்.

"நான் ஏன் சொல்லவேண்டும்?" என்றது ஸ்க்ரப்.

உரிந்த தோலைத் தேய்த்து எடுக்க, நிறைமதி ஸ்க்ரப்பின் மூடியைத் திறந்தாள்.