அடிமண் யாருக்கு?

"சார், பெரிசு மறுபடியும் வந்து உட்கார்ந்தாச்சு!"

கூலியாள் உமாபதி மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்து சொன்னபோது, சேதுராமனுக்கு வாயிலிருந்த ரொட்டி உள்ளே இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? இது மூன்றாவது வெள்ளிக்கிழமை. வருஷம் 1974. அபுதாபி பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட ரிக் வரப்போகிறது. அதற்குள் தரையைச் சமன் பண்ணி ரோடு போட்டாக வேண்டும். அந்த இடத்துக்கு நட்டநடுவில் ஒட்டகத்தைப் படுக்க வைத்து, அதன் நிழலில் ஜம்மென்று சாய்ந்திருந்தார் ஈசா என்கிற உள்ளூர்ப் பெரியவர்.

உள்ளூர்க்காரர் நிலத்துக்கு உரிமை கொண்டாடினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டும். கம்பெனி விதி அப்படி. நிறுத்தினார்கள். நாற்பது கூலியாட்களும் கேம்ப்பைப் பார்த்து நடந்தார்கள்.

கூலியாட்களை மேய்ப்பதோடு, இந்த மாதிரி நிலத் தகராறுகளைத் தீர்த்து வைப்பதும் சேதுராமனுக்கு டூட்டி. திருச்சிக்காரர். டில்லியில் நாலு வருஷம் குப்பை கொட்டியதில் இந்தி வரும். அரபியில் மட்டும் 'யல்லா, கிளம்பு' என்பதைத் தாண்டவில்லை. அதனால் கேம்ப்பில் கடை வைத்திருந்த கீழக்கரை கலீலுர் ரஹ்மான்தான் மொழிபெயர்ப்பு.

"என்ன பாய் சொல்றார்?" ஈசாவின் முன்னால் போய் நின்று சேதுராமன் கேட்டார்.

ஈசா கைத்தடியை ஆட்டி ஆட்டிக் கத்தினார். கலீல் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அவஹ பாட்டனார் காலத்துலேருந்து இங்கதான் ஒட்டகமெல்லாம் மூத்திரம் பெய்யுமாம் சார். அதனால மண்ணு அவஹளுக்குத்தான் சொந்தமாம்."

"மேல்மண்ணு அவருக்கே இருக்கட்டும்யா! அடியில இருக்கிற எண்ணெய் அரசாங்கத்தோடது. அதைச் சொல்லுங்க."

கலீல் ஏதோ சொன்னார். ஈசா இன்னும் உரக்கக் கத்தினார்.

"மூத்திரம் அடியில இறங்காம மேலேயேவா நிக்கும்னு கேக்குறாஹ சார்."

"பேராசை பிடிச்ச கிழம்!" சேதுராமன் தலையிலடித்துக்கொண்டார்.

இன்றைக்குத் தகராறு தீராவிட்டால் நாளைக்கே மூட்டை கட்டலாம் என்று மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார். மனைவி ராதா பிள்ளைகளோடு வந்து இறங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும், வெள்ளிக்கிழமை லீவை ரத்து பண்ணினால் வேலை சீக்கிரம் முடியும் என்று மேனேஜருக்கு யோசனை சொன்னதே சேதுராமன்தான். நல்ல பேர் வாங்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்கார மேனேஜர் இறங்கினார். கூடவே அரசாங்கத்தின் அரபு அதிகாரி ஒருவர். வாலிபத்தில் பம்பாயில் பேரீச்சம்பழம் விற்றவராம்; இந்தி பிளந்து கட்டினார். இங்கிலீஷ் மட்டும் சுத்தமாக வராது. மேனேஜருக்கோ இங்கிலீஷைத் தவிர ஒரு மண்ணும் வராது.

அதிகாரியைப் பார்த்ததும் கலீலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அதிகாரி ஈசாவின் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்து பேசினார். பேசப் பேசச் சிரித்தார். பிறகு எழுந்து வந்து சேதுராமனிடம் இந்தியில் சொன்னார்:

"நிலமா? நிலத்தைப் பத்தி இவர் வாயே திறக்கலையே! வெள்ளிக்கிழமைகூட லீவு தராம, மனுஷங்களை வெயில்ல போட்டு வாட்டுற வெட்கங்கெட்டவன் யாருன்னு கேக்கிறார். மூணு வாரமா இதையேதான் கேக்கிறாராம். ஒருத்தரும் பதில் சொல்லலையாம்!"

சேதுராமன் கலீல் பக்கம் திரும்பினார். "பாய்! என்னய்யா இது?"

"லீவைப் பத்திக் கேக்குறாஹன்னு சொல்லியிருந்தா அவஹளை நீங்க விரட்டி விட்டிருப்பீங்க சார். நிலம்னு சொன்னாத்தானே கம்பெனிக்குக் காது கேக்குது?" கலீல் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் உமாபதி மயங்கி விழுந்தான்ல, அன்னிக்குத் தண்ணி தெளிச்சு ஒட்டகப்பால் கொடுத்ததே இவஹதான். நீங்க அவனுக்கு அரைநாள் சம்பளத்தைப் பிடிச்சீங்க. இப்ப என்னைக் காட்டிக் கொடுத்தா, இன்னிக்கே எனக்குக் கடையும் மஃபி, விசாவும் மஃபி; ரெண்டுமே இல்லாமப் போயிரும். உங்க இஷ்டம் சார்."

சேதுராமனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஈசா தேடுகிற வெட்கங்கெட்டவனை அவருக்கு நன்றாகவே தெரியும்.

மேனேஜர் பொறுமையிழந்து இங்கிலீஷில் கத்தினார். "சேதுராமன்! என்னதான் சொல்றார் அந்த அதிகாரி?"

சேதுராமன் மேனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்:

"தகராறு முடிஞ்சது சார். மேல்மண், அடிமண் எல்லாத்தையும் பெரியவர் விட்டுக் கொடுத்துட்டார். ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் இந்த நிலத்துல யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாதாம். அன்னிக்கு ஆளுங்க எல்லாருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தே ஆகணும்னு அதிகாரி ரொம்பக் கண்டிப்பாச் சொல்றார் சார்!"