ஃபாஸிலாவின் விறகடுப்பு

புயலில் மின்சாரம் போய் மூன்று நாளாயிற்று. தேங்காப்பட்டணத்தில் கடைகள் திறக்கவில்லை, கேஸ் வண்டியும் வரவில்லை. அந்தத் தெருவில் எரிந்தது புதுமருமகள் ஃபாஸிலாவின் விறகடுப்பு மட்டும்தான். அவளே உலர்த்தி வைத்திருந்த மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் எட்டு வீட்டுக்கும் வயிறு நிறைத்தன.

"கடையில கிடைக்கதுக்கு எதுக்கு இந்தப் பாடுன்னு நான் சிரிச்சேன்" என்றாள் பக்கத்து வீட்டு மைமூன் பீவி, தட்டை வாங்கியபடி. "ஒனக்க உம்மா வீடு எந்தக் கிராமம் மக்கா?"

"துபாய் மாமி. பொறந்து வளந்தது பதினேழாவது மாடியில. அங்கயும் ஒருக்க வெள்ளத்துல கரண்டு போச்சு, லிஃப்ட் நின்னுட்டு. ரெண்டு நாளு பட்டினி. உம்மா அழுதத பாத்துத்தான் இதெல்லாம் படிச்சேன்."

மைமூன் பீவி தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"கடலு தெளிஞ்சு மீனு வந்தா என்னையும் கூப்பிடு. உப்பு நான் கொண்டுவாறேன்."