மெஷின் அண்ணனிடம்

பேட்டரிக் கடையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கடைக்காரர். ஜன்னலோர மேஜையில், கையில் பற்றவைக்கும் கம்பியோடு அவர் மனைவி. வாசலை ஒட்டிய பெஞ்சில், மடியில் துணிப்பையோடு தச்சர்.

கண்ணாடிப் பெட்டியின் மேல், எல்லோருக்கும் நடுவில், ஒரு செத்த பேட்டரி.

"இந்த மாடல் ட்ரில்லை கம்பெனிக்காரனே மறந்துட்டான் ஐயா. பேட்டரி போடறதையும் நிறுத்திட்டான்," என்றார் கடைக்காரர். "வெளியில செய்றதுதான் கிடைக்கும். ஆனா அச்சாப் பொருந்தும்."

"இவரு எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாரு," என்றாள் மனைவி, தலை நிமிராமல். "எங்க கல்யாணத்தப்பவும் பொருந்தும்னுதான் சொன்னாங்க."

தச்சர் சிரித்தார். சிரித்து நாளாகிவிட்டதால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் பழைய பேட்டரியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த செல்களை ஒவ்வொன்றாக மீட்டரால் தொட்டுப் பார்த்தாள். முள் அசையவில்லை.

"எந்த மாதிரி வேலைக்கு ஓட்டினீங்க இதை?"

"ஓட்டல. ஒன்பது வருஷமா சார்ஜ் மட்டும் போடுவேன். ஞாயிறு காலையில மாட்டினா திங்கள் காலையிலதான் எடுப்பேன்."

"அதான் பாத்தேன். வேலை செஞ்சு சாகல ஐயா இது. சார்ஜ் ஏத்தி ஏத்தியே கொன்னுட்டீங்க."

தச்சருக்குச் சுருக்கென்றது.

கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தார். என்றைக்காவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டுமே.

மெஷின் அண்ணனிடம் இருந்தது.

பட்டறையைப் பிரித்த அன்று மாமாதான் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகப் பங்கு வைத்தார். இந்த ட்ரில்லை அண்ணன் கேட்டார். அப்படியானால் பேட்டரியும் சார்ஜரும் எனக்கு என்று தம்பியான தச்சர் பிடுங்கிக்கொண்டார். வெறும் வீம்பு. வேணும்னா வந்து கேக்கட்டும். அது போதாதென்று, உங்க வாசப்படியை மிதிச்சா என்னை வேற பேர் வெச்சுக் கூப்பிடுங்க என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியும் வைத்தார்.

அண்ணன் வந்து கேட்கவில்லை. தம்பி படி மிதிக்கவில்லை. இடையில் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சமாதானம் பேச ஆளில்லை.

கடைக்காரர் புதுப் பேட்டரியைத் தச்சர் கொண்டுவந்திருந்த சார்ஜரில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"சார்ஜர் ஒத்துக்கிச்சு. மெஷின்ல உக்காருதான்னு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். சிலது ஒரு நூல் அளவு இடிக்கும். ஏழு நாளைக்குள்ள மெஷினோட வந்தீங்கன்னா மாத்தித் தர்றேன். எட்டாம் நாள் வந்து என்கிட்ட சண்டை போடக் கூடாது."

"மெஷின் எங்க அண்ணன்கிட்ட இருக்கு."

"பேட்டரி இல்லாத மெஷினை இத்தனை வருஷமா வெச்சிருப்பாரா? தூக்கிப் போட்டிருப்பாரு."

"போட்டிருந்தா புதுசு வாங்கியிருப்பாரு. வாங்கல. இன்னமும் கையால திருகித்தான் ஓட்டை போடறாரு."

"அவரே சொன்னாரா?"

"அவரு எங்க என்கூட பேசறாரு."

கம்பியை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பெண் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஒரு போன் போட்டுக் கூப்பிடுங்க ஐயா."

"போன்ல எனக்கு வாய் வராது. எழுதினா வரும். ஒரு தாள் குடும்மா."

அவள் தாளும் உறையும் தபால்தலையும் எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி வலது மேல் மூலையில் தேதி போட்டார். விளித்தலுக்குப் பின் காற்புள்ளி வைத்தார்.

'அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி எழுதுவது. ட்ரில்லுக்குப் புதுப் பேட்டரி வாங்கியிருக்கிறேன். சார்ஜரில் பச்சை எரிகிறது. மெஷினில் உட்காருகிறதா என்று ஏழு நாளைக்குள் பார்த்தாக வேண்டும். மெஷினை எடுத்துக்கொண்டு வரவும். பழையதைக் கெடுத்தது நான்தான்.'

கடைசி வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை.

பிறகு கீழே சேர்த்தார்: 'உங்களுக்கு மூன்று நாளாக இருமல். வெந்நீர் குடித்தால் மட்டும் போதாது, மருந்து வாங்கிச் சாப்பிடவும்.'

"பேட்டரியையும் சேத்து பார்சலாப் போட்டுடலாமே?" என்றார் கடைக்காரர். "அவரே மாட்டிப் பாத்துக்குவாரு."

"வேணாம். அது என்கிட்டயே இருக்கட்டும்."

பேட்டரியைத் துணிப்பையில் வைத்து வாயைச் சுருட்டிக்கொண்டார். அது கையில் இருந்தால்தானே அண்ணன் வந்தாக வேண்டும்.

"எவ்வளவு தூரம் அண்ணன் வீடு? தபால் போய்ச் சேரவே நாலு நாள் ஆயிடப்போகுது," என்றார் கடைக்காரர்.

தச்சர் குனிந்து முகவரி எழுதிக்கொண்டிருந்தார்.

பசைக் குப்பியை நகர்த்தி வைக்க வந்த அந்தப் பெண்ணின் கண்ணில் அது பட்டது.

பெறுநர்: கதவு எண் பதினாறு, முன்கட்டு.

அனுப்புநர்: கதவு எண் பதினாறு, பின்கட்டு.

அவள் இரண்டு முறை படித்தாள். எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்த கணவனைக் கண்ணாலேயே அடக்கினாள்.

தச்சர் உறையின் விளிம்பில் பசை தடவி மடித்தார். மரத்தோடு மரம் ஒட்டும்போது செய்வதுபோல், பிடித்துக்கொள்ளும்வரை கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு தெருவைக் கடந்து, எதிரே இருந்த தபால் பெட்டியில் போட்டார்.