எனக்கா கத்தி?

சுட்டி என்ற செம்மறியாட்டின் பின்னங்காலில் முள் ஏறி, புண்ணாகிப் புழு வைத்திருந்தது. மேய்ப்பர் அதைப் படுக்கவைத்து, முள்ளைக் கீறி எடுக்கக் கத்தியை நெருப்பில் காட்டினார்.

சுட்டிக்கு ஆத்திரம் பொங்கியது. "நீர் கூப்பிட்டபோதெல்லாம் வந்தேன். காட்டிய இடத்தில் மேய்ந்தேன். வேலி தாண்டுகிற ஆடுகள் சும்மா நிற்கின்றன, எனக்கா கத்தி?" என்று கத்திக்கொண்டே அவரை உதைத்தது.

வேலமரத்திலிருந்த காகம், "நியாயமான கேள்வி! விடாதே, இன்னும் உதை!" என்றது. அந்தப் புண்ணைத் தினமும் கொத்தித் தின்றுவந்த காகம் அது.

சுட்டி திமிறிக்கொண்டு ஓடியது. மூன்று காலால் எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஓடைக்கரையில் விழுந்தது. காகம் பறந்து வந்து புண்ணின்மேல் உட்கார்ந்தது.

"நீ என் பக்கம்தானே பேசினாய்?"

"உன் பக்கம்தான். அதனால்தானே உன்கூடவே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காகம் கொத்தியது.

மேய்ப்பர் மூச்சிரைக்க ஓடிவந்து காகத்தை விரட்டினார். ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உம்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. வலிக்கும் என்று உமக்குத் தெரியாதா?" என்றது சுட்டி.

சுட்டியின் குளம்பு பட்டுக் கிழிந்த அவர் மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சுட்டி அதையே பார்த்தது. பிறகு தானாகவே காலை அவர் மடிமேல் நீட்டியது.

"எடுத்துவிடும். ஆனால் நான் அழுவேன்."

"அழு" என்று சொல்லி, அவர் அதன் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.