ஒரு கரண்டி வெங்காயம்

மூன்று வாரமாகக் கணவனின் வயிறு மூச்சுக் காட்டவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

நான்கு வருடமாக வீட்டில் எல்லாமே அந்த வயிற்றைக் கேட்டுத்தான் நடந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்ப்பான். பேருந்தில் ஏறினால் பாதி வழியில் இறங்குவான்.

புண் இல்லை, கட்டி இல்லை, குடலுக்குச் சட்டென்று கோபம் வருகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்க்கலாம்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். வேலையெல்லாம் எப்படி?" என்று அவனைக் கேட்டார்.

"எங்க அண்ணன் அச்சகம்தான் டாக்டர். மெய்ப்புப் பாக்குறாரு. வீடு மாதிரி," என்று அவள் பதில் சொன்னாள்.

ஒரு வீட்டில் இரண்டு சட்டி எதற்கு என்று அவளும் வெங்காயத்தை விட்டாள். பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். இரண்டு வாரத்தில், டாக்டர் சொன்ன மாதிரியே, கொஞ்சம்போலக் குறைந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை அடியோடு நின்றுவிட்டது.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒரே நாளில் தலைகீழாகிற எண்ணை நம்பமாட்டாள். வேறு யாருடைய ரத்தமோ கைமாறி வந்திருக்கும் என்றுதான் முதலில் பார்ப்பாள்.

இங்கே எது கைமாறியது?

மதியச் சாப்பாட்டு டப்பா. முன்பெல்லாம் பாதிச் சோற்றோடு திரும்பி வரும். இப்போது கழுவித் துடைத்து வருகிறது. மூடியின் ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றிக் கழுவியிருக்கிறது. எந்த ஆம்பளையும் அந்த வளையத்தைக் கழற்றமாட்டான்.

குளிக்கும்போது பாடுகிறான். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது.

அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் நான்கு பெண்கள் இருந்தார்கள். அதில் யாரோ ஒருத்தியின் சமையலை அவன் சாப்பிடுகிறான். தன் சமையல் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. 

கேட்டால் சண்டையாகும். அண்ணனிடம் விசாரிக்கலாமென்றால் அவர் புது இயந்திரம் பார்த்து வாங்க வெளிநாடு போயிருந்தார். இருந்திருந்தாலும், "நம்ம ஓட்டக்காரரா? அவருக்குப் பாத்ரூமுக்கு ஓடவே நேரம் பத்தாதேம்மா," என்று சிரித்திருப்பார். அச்சகத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணன் அவனை அப்படித்தான் கூப்பிடுவார். அங்கே போயிருந்த ஒரு நாள் அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

ஆகவே அவளே சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை ஒரு கரண்டி வெங்காய விழுதைப் பச்சை வாசனை போக வதக்கி டப்பாவின் குழம்பில் கரைத்தாள். சாப்பிட்டால் சாயங்காலம் கழிவறையே கதி என்று கிடப்பான். கிடக்கவில்லையென்றால், சாப்பிடவில்லை.

சாயங்காலம் அவன் பாடிக்கொண்டே பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை இரண்டு கரண்டி. சனிக்கிழமை பூண்டும் சேர்த்து. பாட்டு நிற்கவில்லை.

அவளுக்கு இனி சந்தேகமே இல்லை. ஆனாலும் சரிபார்க்காமல் எந்த முடிவிலும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

ஞாயிறு மதியம், கண்முன்னால். ஒரு முழு வெங்காயம், நான்கு பல் பூண்டு. எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்த்தாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எழுந்து தட்டைக் கழுவினான். பக்கத்தில் கிடந்த டப்பா மூடியையும் எடுத்து, ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பிக் கழற்றி, தேய்த்துக் கழுவி, திரும்ப மாட்டினான்.

அவள் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சோபாவில் சாய்ந்து ஓர் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தான், தின்றான், கண்ணை மூடினான். ஒரு மணி நேரம் போனது. இரண்டும் போனது. வயிறு வாயைத் திறக்கவில்லை. எழுந்து இன்னோர் ஆரஞ்சை எடுத்தான்.

அப்படியானால் அத்தனை டப்பாவையும் அவன்தான் காலி செய்திருக்கிறான். எந்த ஒருத்தியும் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு உதைத்தது.

கைபேசி அடித்தது. அண்ணனின் முகம்.

"நாளைக்குக் காலையில அச்சகத்துல இருப்பேன்மா. நம்ம ஓட்டக்காரர் எங்க, காட்டு."

கைபேசியைச் சோபா பக்கம் திருப்பினாள். பாதி உரித்த ஆரஞ்சு மட்டும் கிடந்தது. உள்ளே கழிவறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

கடைசியில் வெங்காயம் தன் வேலையைக் காட்டிவிட்டது. கதவுக்குப் பின்னால் அந்தப் பழைய முனகல். இருபத்தாறு நாளும் பாழ். பாழாக்கியது அவள் கை.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க. குழம்புல வெங்காயம் போட்டேன். நாலு நாளா."

"தெரியும். என் நாக்குக்குத் தெரியாதா? நீ ஒண்ணொண்ணா திருப்பிச் சேக்குறேன்னு நெனச்சேன்."

"அப்ப இது?"

குழாயில் தண்ணீர் ஓடியது. நின்றது.

"உங்கண்ணன் ஊர்ல இல்லாம," என்றான் அவன் உள்ளிருந்தபடியே, "இன்னையோட இருபத்தாறு நாள்."