படியில் ஒரு கால்

நான்கு மணி வெயில் தாம்பரத்துக் கல்லூரி வாசலில் நிற்கும் மஞ்சள் பேருந்தின்மேல் சாய்ந்து கிடக்கிறது. படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக நிற்கிறாள் ஜோசலின். நகக்கண்ணில் பட்டறை எண்ணெய்; முழங்காலில் பகலெல்லாம் நின்ற களைப்பு. இயந்திரவியல் மாணவி கணினியும் கூடுதலாகக் கற்கலாம், ‘மைனர்’ என்று சான்றும் பெறலாம் என அறிவித்தது கல்லூரி, அவளும் சேர்ந்தாள். ஆனால் அந்த வகுப்பு தொடங்குவதே பேருந்து புறப்பட்ட பிறகுதான்! பேருந்தை நம்பி வந்தவர்க்கு அது திறந்த கதவா, சுவரில் வரைந்த கதவா? கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த வகுப்பை விட்டுப் பேருந்தேறிவிட்டார்கள். இன்று தோழி தமிழினியும் ஏறிவிட்டாள். பக்கத்து இருக்கையில் நீலக் கைக்குட்டை போட்டு இடம்பிடித்திருக்கிறாள். “ஏறுடி! நாவலூர் ஐ.டி. கம்பெனில உனக்காக நாற்காலியைத் துடைச்சு வெச்சுக்கினு காத்திருக்காங்களா?” ஜன்னலோரம் சிரிப்பு எழுகிறது. “ஏறும்மா, டைம் ஆவுது,” என்று ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துகிறார். உட்கார்ந்தால் அஸ்தினாபுரத்து வீடுவரை உறங்கலாம். உட்காராவிட்டால், இருட்டிய பிறகு நெரிசலில் நின்றுகொண்டே வீடு திரும்ப வேண்டும். கைக்குட்டையையே சிறிது நேரம் பார்க்கிறாள். பிறகு படியிலிருந்த காலையும் மெல்லத் தரையில் வைக்கிறாள். “கர்சீப்பை எடுத்துடு தமிழினி. யாராவது உக்காரட்டும்.”